பாட்டிமார் பெயரையும் தேடலாம்



சென்ற இதழில் வந்த வம்சாவளிக் கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதில் காட்டிய கொடிவழி முழுக்க ஆண்கள்தான். வெள்ளைக்காரர் காலத்துப் பெண்களைத் தேடவும் வழி உண்டு. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்த கிரயப் பத்திரமொன்றில் கொள்ளுப்பாட்டி தம் பெயரோடு வருகிறார். கீழே இடது பெருவிரல் ரேகை. விற்ற நிலம் அவருக்கு மஞ்சள்காணியாக, அதாவது பெண்ணுக்குத் தரும் சீதன நிலமாக, வந்தது என்றும் எழுதியிருக்கிறது. குடும்பத்தில் யாரும் சொல்லாத சேதி!

பெட்டி இல்லாதவர்கள், பதிவான பழைய பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். கடல் கடந்தவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற பெண்களுக்கும் தனி எண், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் எனக் குறித்து வைத்தார்கள். மொரீஷியஸ் குடியேற்ற ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பலருக்குப் புகைப்படமே உண்டு. குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால், ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்.

இதுபற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

– ஒரு வாசகி, திருச்சி