பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



ஐப்பசி முதல் தை வரை சேர்வராயன் மலையில் மாலைப் பொழுது மிகக் குறுகியது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் எதிர்வீட்டு ஓடு தெரியும். மஃரிபுக்கு ஒளுச் செய்யப் போகும்போது அந்த வீடே தெரியாது. அப்படியொரு பனிமூட்டம் ஏற்காட்டின் மேல் வந்து கவிந்துகொள்கிறது. இதே மாதங்களில்தான் காப்பிப் பழம் பறிக்கும் வேலையும் மும்முரமாக நடக்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் எந்திரத்தில் போட்டாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் புளித்துக் கொட்டையின் சுவை கெட்டுவிடும். ஆகவே பறிப்பவர்களின் கை ஓய்ந்த பிறகும் எடை போடுவது, மூட்டை ஏற்றுவது, எந்திரக் கொட்டகையில் கொண்டுபோய் இறக்குவது என வேலை இருட்டிலும் நீள்கிறது.

இந்த வேலைக்காகத் தோட்டத்து ஜீப்புகளிலும் பிக்கப் வண்டிகளிலும் டிராக்டர்களிலும் எல்.இ.டி. வேலை விளக்குகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். உள்ளங்கை அகலச் சதுரப் பெட்டியாகவும் வண்டியின் கூரைமேல் வைக்கும் நீளப் பட்டையாகவும் இவை கடைகளில் கிடைக்கின்றன. போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பதே என் பதில். ஆனால் எதைப் போடுவது, எங்கே போடுவது, எப்பொழுது எரியவிடுவது என்கிற மூன்று கேள்விகளையும் கேளாமல் போடலாகாது. மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் அந்த வண்டிகள் வரும் பாதையில்தான் நடந்து போகிறார்கள். இம்மாதம் இதைப் பற்றி எழுதுவதற்கு அதுவே காரணம்.

முதலில் இந்த விளக்கின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். பழைய ஹாலோஜன் பல்பு, தான் குடிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே கக்கிவிடும். 55 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டைக் கூடுதலாக மாட்டினால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது 9 ஆம்பியருக்கும் அதிகம். 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு என்றால் 36 வாட், 3 ஆம்பியர்தான். கொட்டகை முற்றத்தில் மூட்டை ஏற்ற அந்த வெளிச்சமே போதுமானது. கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். இந்த ஆம்பியர் கணக்கை எனக்கு விளங்க வைத்தவர் சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் ஒரு சகோதரர். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், அவ்வளவுதான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கனடா போன்ற குளிர்நாடுகளில் வாழும் நம் உறவினர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர்கள் பல. வாசலில் குவிந்த பனியை அள்ளி வீசுவதற்கு, கையால் தள்ளிச் செல்லும் ஓர் எந்திரம் வைத்திருக்கிறார்கள். பழைய எந்திரங்களில் உள்ள விளக்கு மங்கலானது. அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. வேலை விளக்கை மாட்டுகிறார்கள். ஆனால் அவற்றுள் பலவற்றுக்குப் பேட்டரி கிடையாது. எஞ்சினோடு சேர்ந்த சிறிய கம்பிச்சுருளிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தில்தான் விளக்கு எரிய வேண்டும். நம் ஊர்ப் பழைய மொபெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகினால் விளக்கு பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். அதே ஏற்பாடுதான். எல்.இ.டி.க்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். ஆகவே இடையில் ரெக்டிஃபையர் என்னும் சிறு கருவியை வைத்து, கூடவே ஒரு கெப்பாசிட்டரையும் சேர்க்கிறார்கள். இல்லையேல் விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வேடிக்கை, ஹாலோஜனின் சூட்டில் கண்ணாடிமேல் விழும் பனி தானே உருகி வழிந்துவிடும். எல்.இ.டி.யின் முகம் சூடாவதில்லை; பனி அப்படியே அப்பிக்கொள்கிறது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். எல்.இ.டி.யின் சூடெல்லாம் முதுகுப்புறம் உள்ள அலுமினியத் தகடுகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. நம் மலையில் பனிக்கட்டிக்குப் பதில் சேறு. முகத்தில் அப்பினால் வெளிச்சம் குறையும். முதுகில் அப்பினால் விளக்கின் ஆயுள் குறையும்.

அடுத்து வயர். கூடுதல் விளக்குக்குரிய வயரை ஏற்கெனவே உள்ள முகப்பு விளக்கின் வயரோடு முறுக்கிக் கட்டி, மேலே டேப்பைச் சுற்றிவிடுவது பலருடைய வழக்கம். அது வேண்டாம். பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ், பிறகு ரிலே, பிறகு விளக்கு. சுவிட்சின் வேலை ரிலேயைத் தூண்டுவது மட்டும். 3 ஆம்பியர் விளக்குகளுக்கு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று அந்த இடத்தில் கம்பியைச் சுற்றுகிறவர்கள், வயர் எங்கோ உராய்ந்திருக்கிறது என்கிற செய்தியைக் காதில் வாங்க மறுக்கிறார்கள்.

இரவில் உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும். எண்ணெயும் திரியும் போய்விட்டன, எலி போகவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் இரவில் புகுந்து அது வயரைக் கடிக்கிறது. மேலுறை போன வயர் இரும்பைத் தொட்டால் நெருப்புப் பொறி பறக்கும். அந்த நேரத்தில் வண்டியையும் கொட்டகையையும் காப்பாற்றுவது அந்தச் சிறு ஃப்யூஸ்தான். எஞ்சினை நிறுத்தியதும் வேலை விளக்கும் தானே அணையும்படி இணைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இனிப் பனிமூட்டத்துக்கு வருவோம். இருட்டுக்கு மருந்து வெளிச்சம் என்பது சரி. பனிமூட்டத்துக்கும் அதுவே மருந்து என்று எண்ணுவது தவறு. மூட்டம் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய நீர்த்துளிகள். அவற்றின்மேல் விழும் ஒளி எல்லாத் திக்குகளிலும் சிதறுகிறது. ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கூரைமேல் வைத்த பட்டை விளக்கை மூட்டத்தில் எரியவிட்டால் ஓட்டுநரின் முன்னே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். விளக்கு கண்ணுக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சுவர் கெட்டியாகும். பனிமூட்ட விளக்குகளை பம்பருக்குக் கீழே தாழ்வாக வைத்து, ஒளி அகலமாகவும் தட்டையாகவும் தரையோடு போகும்படி செய்வது இதனால்தான். மூட்டத்தின் அடியில் நுழைந்து சாலையின் ஓரக் கோட்டைக் காட்டினால் அதுவே பெரிய உதவி.

மஞ்சள் விளக்கு மூட்டத்தைத் துளைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மூட்டத்துளிகள் ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரியவை; ஆதலால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன. மஞ்சளின் நன்மை வேறிடத்தில் இருக்கிறது. அதில் நீலம் குறைவு. நீலம் மிகுந்த வெண்ணொளியைவிடக் கண்ணைக் கூசச் செய்வதும் குறைவு. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல ஒளிமேல் மஞ்சள் பூச்சு ஒன்றைப் பூசிப் பெறும் வெண்மை. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டமைக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதிக நீலம் கொண்ட, பாலைவிட வெளுத்த விளக்கைத்தான் கடையில் உயர்ந்த சரக்கு என்று எடுத்துக் காட்டுவார்கள். மலைக்கு வெதுவெதுப்பான நிறமே நல்லது.

கண் கூசுவதைப் பற்றி நம்மவர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் அவர்கள், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கருத்தை மறுத்தார். அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று மிக எளியது. வலுவான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிறகு இருளான இடத்தைப் பார்த்தால் அங்குள்ளவை தெரிவதில்லை. ஆகவே ஒளிதான் கண்ணுக்குள் வந்து செயல்படுகிறது. இந்தச் சான்றைக் கொண்டைஊசி வளைவில் வைத்துப் பாருங்கள். சேலத்து அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டைஊசி வளைவுகள் இருக்கின்றன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது மெதுவான வேகம்தான். அதிலும் வண்டி ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. எதிர் வண்டியின் பட்டை விளக்கு முகத்தில் அடித்து மூன்று விநாடி கண் இருண்டால், ஏறத்தாழ 25 மீட்டர் தூரம் அவர் குருடராக ஓட்டுகிறார். அந்த 25 மீட்டருக்குள் வளைவு வரலாம், பள்ளம் வரலாம், சாலையைக் கடக்கும் காட்டெருமை நிற்கலாம், தோட்ட வேலை முடிந்து திரும்பும் தாய்மார்கள் ஓரமாக நடந்துகொண்டிருக்கலாம். வயதானவர்களின் கண் தெளிய இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

ஆகவே வேலை விளக்கு கொட்டகை முற்றத்துக்கும் தோட்டத்துக்குள் மூட்டை ஏற்றும் இடத்துக்கும் உரியது. தார்ச்சாலையில் ஏறுமுன் அதை அணைத்துவிட வேண்டும். சட்டமும் இதையே சொல்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி எதிரே நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி நிரந்தரமாகத் தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் அது என்று அளவும் தருகிறது. 111ஆம் விதியோ, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முன்புறம் தேடுவிளக்குப் பொருத்துவதையே தடுக்கிறது. ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டாத வண்டியை நம் ஊரில் காண்பது அரிது, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எதிரே வருகிறவனை எண்ணி ஒட்டிய பொட்டு அது.

தெருவோரங்களில் அமர்வதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் சொன்னார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் பெருமானார். அந்த ஹக்கு எதுவென்று கேட்கப்பட்டபோது அவர்கள் எண்ணிச் சொன்னவற்றுள் முதலாவது பார்வையைத் தாழ்த்துவது, இரண்டாவது பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. உட்கார்ந்திருப்பவனுக்கே இத்தனை பொறுப்பு என்றால், ஒரு டன் இரும்பை உருட்டிக்கொண்டு வருகிறவனுக்கு எவ்வளவு இருக்கும்! விளக்கைத் தாழ்த்தினால் எதிரே வருகிறவர் ஏமாளி என்று நினைத்துக்கொள்வாரே என்று ஒரு வாலிபர் என்னிடம் வாதாடினார். நினைத்துக்கொள்ளட்டும்.

இதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்றும் பரவியிருக்கிறது. ஹாலோஜனுக்கென்று செய்த பழைய விளக்குக் கிண்ணத்துக்குள் மலிவான எல்.இ.டி. பல்பைத் திணிப்பது. அந்தக் கிண்ணத்தின் வளைவு, பல்புக்குள் இருக்கும் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளி புறப்படும் இடம் சற்றே மாறினாலும் கற்றை குலைந்து மேலும் கீழும் சிதறும். டிம் போட்டாலும் எதிரே வருகிறவருக்கு அது பிரைட்டாகவே இருக்கும். எல்.இ.டி. வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த முழு விளக்காக வாங்குங்கள். அட்டைப் பெட்டிமேல் அச்சிட்ட ஆயிரக்கணக்கான லூமென் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

வீட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் முகப்பு விளக்கின் சாய்வைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். சமதரையில், ஒரு வெள்ளைச் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் விளக்குக்குப் பின்னாலுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலோர் வெறும் வண்டியை நிறுத்தி அளந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காப்பி மூட்டைகளை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது; தாழ்ந்திருந்த ஒளியும் அதனோடு எழும்பிவிடுகிறது. ஆகவே மூட்டைகள் ஏற்றிய பிறகு, ஓட்டுநரும் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது, அளவெடுங்கள்.