பெட்டியில் கொண்டுவந்தால் விலக்கு, தபாலில் அனுப்பினால் வரியா?



சவுதியில வெல்டரா, சிங்கப்பூர் கப்பல் பட்டறையில ஃபிட்டரா வேலை பார்க்கிற பிள்ளைங்க இல்லாத தெரு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் குறைவு. லீவு கிடைக்காத வருஷம், அவங்க வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்புவாங்க. அம்மாவுக்கு ஒரு போர்வை, தங்கச்சிக்கு ஒரு வாட்ச், குழந்தைக்கு ஒரு பொம்மை. தபால்காரர் பார்சலோடு வந்து, "இதுக்கு சுங்க வரி கட்டணும்மா" என்கிறார். வந்தது பரிசு. பின்னாடியே வந்தது பில்!

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2019 டிசம்பர் 12க்கு முன்பு, வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு வரி கிடையாது. அன்றைக்கு ஒன்றிய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஓர் அறிவிக்கை போட்டு, அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. மிச்சம் வைத்தது இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. ராக்கிக் கயிறுக்கு விலக்கு உண்டு, பொங்கலுக்கு அண்ணன் அனுப்பும் சட்டைக்கு இல்லை! 2023இல் வந்த புதிய வர்த்தகக் கொள்கையிலும் இதே விதிதான் தொடர்கிறது. வரித்தொகை 100 ரூபாயைத் தாண்டாவிட்டால் வசூலிக்கக் கூடாது என்று சுங்கச் சட்டம் சொல்கிறது. சாமானியனுக்கு மிச்சமிருக்கும் ஆறுதல் அவ்வளவுதான்.

வரி எவ்வளவு? 35% சுங்க வரி, அந்த வரியின்மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகைக்கு 28% ஐஜிஎஸ்டி என்று இருந்தபோது, மொத்தம் 77.28%. அதாவது 4,000 ரூபாய் பொருளுக்கு 3,091 ரூபாய் வரி. 2026 பட்ஜெட்டில் சுங்க வரியை 20%லிருந்து 10% ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். குறைத்ததை வரவேற்கிறோம். ஆனால் 5,000 ரூபாய் விலக்கு திரும்பி வரவில்லையே?

இப்போ இந்தக் கணக்கைப் பாருங்க. விமானத்தில் வருபவர் தன் பெட்டியில் 50,000 ரூபாய் வரை பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்றது 2016 விதி. 2026 பிப்ரவரியில் அதை 75,000 ஆக்கிவிட்டார்கள். அதே பொருளைத் தபாலில் அனுப்பினால் விலக்கு பூஜ்யம். டிக்கெட் எடுத்து வர முடிந்தவனுக்குச் சலுகை, ரெண்டு வருஷம் லீவே கிடைக்காத தொழிலாளிக்கு வரி. இதுல என்ன நியாயம்?

இன்னொன்று. 2022 மே 1 முதல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அங்கிருந்து கம்பெனிகள் இறக்கும் ஏராளமான சரக்குக்கு வரி குறைப்பு, சிலதுக்கு வரியே இல்லை. நம்ம ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிற கன்டெய்னருக்குச் சலுகை. அதே துபாயிலிருந்து மகன் அனுப்பும் ஒரு கிலோ பார்சலுக்கு இல்லை.

அரசு சொல்லும் காரணமும் நமக்குத் தெரியும். சீன ஆன்லைன் வியாபார நிறுவனங்கள் விற்ற சரக்கை எல்லாம் "பரிசு" என்று சீட்டு ஒட்டி, வரி கட்டாமல் அனுப்பின. அது உண்மை. அதைத் தடுக்க வேண்டியதும் சரி. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? வியாபாரியைப் பிடிக்க வழியா இல்லை? அனுப்புபவர் தனிநபரா, ஒரே முகவரிக்கு வருஷத்துக்கு எத்தனை பார்சல் வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மற்ற நாடுகள் அதைத்தான் செய்கின்றன. தனிநபர் அனுப்பும் பரிசுக்கு பிரிட்டனில் 39 பவுண்டு வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை விலக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் டிரம்ப் அரசு சிறு பார்சல்களுக்கான 800 டாலர் சலுகையை ஒழித்தபோதுகூட, 100 டாலர் வரையிலான பரிசைத் தொடவில்லை. நம்ம தபால் துறையே அப்போது அமெரிக்காவுக்கான மற்ற பார்சல்களை நிறுத்திவிட்டு, கடிதங்களையும் 100 டாலர் வரையிலான பரிசுகளையும் மட்டும் ஏற்றுக்கொண்டது. இங்கிருந்து போகும் பரிசுக்கு அங்கே மரியாதை. அங்கிருந்து வரும் பரிசுக்கு இங்கே ஏன் இல்லை?

2022இல் மட்டும் வெளிநாட்டு இந்தியர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 100 பில்லியன் டாலரைத் தாண்டியது. உலகத்திலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். அவங்க பணம் இனிக்குது, அவங்க அனுப்புற போர்வை கசக்குதா?

நம் கோரிக்கை மூன்று:

1. தனிநபர் அனுப்பும் பரிசுக்கு 5,000 ரூபாய் விலக்கைத் திரும்பக் கொடு. விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்து.

2. ஒரு முகவரிக்கு ஆண்டுக்கு இத்தனை பார்சல் என்று வரம்பு வைத்து, வியாபாரிகளைத் தடு.

3. வரி போட்டால், பொருளுக்கு எவ்வளவு மதிப்பு, எந்த விகிதம் என்று தமிழில் ரசீது கொடு.

ராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியோ, வாசலில் நிற்கும் தபால்காரரோ இந்த விதியைப் போடவில்லை. அவர்களிடம் சண்டை வேண்டாம். விதியைப் போட்டது டெல்லி, மாற்ற வேண்டியதும் டெல்லிதான். உங்க வீட்டுக்கு வந்த பார்சலின் வரி ரசீது இருந்தால் பத்திரமா வையுங்க. பகுதிச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுங்க. மனுவோடு சேர்த்து அனுப்புவோம்.

கடல் தாண்டி உழைக்கும் நம் பிள்ளைகளின் அன்புக்கு வரி போடாதே!

#பரிசுக்கு_வரிவிலக்கு_கொடு
#வடசென்னை