வாயுவா, மார்வலியா?

மார்பில் வலி என்றால் உடனே "வாயு" என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த பழக்கம். அதற்கு மருந்தும் வீட்டிலேயே உண்டு. ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், பெருங்காயம் கரைத்த மோர். இவற்றைக் குறைகூற நாம் வரவில்லை. எத்தனையோ இரவுகளில் நமக்கே உபகாரம் செய்தவை. ஆனால் சென்ற மழைக்காலத்தில், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, இந்த வைத்தியத்தில் நமக்கிருந்த நம்பிக்கை ஆட்டங்கண்டுவிட்டது.

நண்பரும் நம்மைப்போல் உபாத்தியாயர். வயது ஐம்பத்திரண்டு, நீரிழிவு உண்டு. இரவு சாப்பாடு முடிந்து சற்று நேரத்திற்கெல்லாம் மார்பில் பாரம் வைத்தாற்போல் இருக்கிறது என்றார். வலி பிரமாதமில்லை. நெற்றியில் மட்டும் முத்து முத்தாக வேர்வை. "மரவள்ளிக் கிழங்கு செய்த வேலை, வாயுதான்" என்று சொன்னவர் வேறு யாருமல்ல, நாமே. கஷாயம் வந்தது. அரை மணி நேரம் வீணாயிற்று. கடைசியில் நண்பரின் மனைவியார், நம் பட்டத்துக்குச் சிறிதும் மதிப்புக் கொடாமல், 108-ஐ அழைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் ஈ.ஸி.ஜி. படத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. "பார்த்தீர்களா!" என்று நாம் வாயெடுத்தோம். இளவயது டாக்டர் அம்மாள் நிதானமாக, "இவரை இப்போது வீட்டுக்கு அனுப்ப முடியாது, ஐயா" என்றார்.

ஏன் முடியாது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். 2008-இல் ஹாலந்து தேசத்து டாக்டர்கள் ஒரு கணக்கு வகுத்தார்கள். வலியின் வரலாறு, ஈ.ஸி.ஜி., வயது, நீரிழிவு புகையிலை போன்ற காரணங்கள், ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை ஆகிய ஐந்துக்கும் தலைக்குப் பூஜ்யம் முதல் இரண்டு வரை மார்க். மூன்றுக்குள் இருந்தால் அபாயம் குறைவு. ஏழும் அதற்கு மேலும் மிக அதிகம். மார்க் போட்டே தலை நரைத்த நமக்கு, குறைந்த மார்க் வாங்கினவன் பாக்கியசாலியாகும் பரீட்சை இது ஒன்றுதான் தெரியும். வலி எவ்வளவு கடுமை என்பதற்கு இதில் தனி மார்க் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். நண்பருக்கு ஈ.ஸி.ஜி.யில் பூஜ்யம். ஆனால் வேர்வையோடு வந்த பாரத்துக்கு இரண்டு, வயதுக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, ஆக நான்கு. இரத்தப் பரிசோதனையோ அடைப்பு ஏற்பட்டுச் சில மணி நேரம் சென்ற பிறகே முழு உண்மையைக் காட்டும். ஆகையால் ஒரு முறை சரியாக இருந்தது என்று எழுந்து வந்துவிடலாகாது. நீரிழிவுக்காரருக்கும் முதியவருக்கும் ஸ்திரீகளுக்கும் வலி மங்கலாகவே வரலாம். சில சமயம் மூச்சுத் திணறலோ, தாடை வலியோ, மேல்வயிற்று எரிச்சலோ மட்டுந்தான் தோன்றும்.

பதினைந்து நிமிஷம் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில் கோடு மேலே தூக்கி நின்றது. இனிக் கணக்குக்கு வேலையில்லை. இரத்தக் குழாய் அடைபட்டுவிட்டது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்தார்கள். இம்மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுப்பதற்காகத்தான் 2023-இல் "இதயம் காப்போம்" திட்டம் ஏற்பட்டது. கச்சிராயபாளையம் சாலையின் வளைவுகளில் வண்டி இறங்கிய அந்த நேரம் முழுவதும் நாம் நினைத்தது, கஷாயத்துக்காகச் செலவிட்ட அரை மணியைத்தான். அடைப்புக்கு அப்பாலுள்ள தசை அதற்குள் மடிந்துகொண்டிருந்ததல்லவா?

கீழே, கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பின்னர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இந்த முறை மலைநாட்டுக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் இவ்வாறு இணைத்து, 2,420 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2017-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது.

நண்பர் மறுபடி பள்ளிக்கூடம் போகிறார். மேட்டில் ஏறும்போது மட்டும் இரண்டிடத்தில் நிற்கிறார். சென்ற மாதம் போயிருந்தோம். மரவள்ளிக் கிழங்கு பரிமாறிய அம்மையார், "வாயு வந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள், இவரிடம் மட்டும் சொல்லவே வேண்டாம்" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.