காசுக்கு ஞாபகம் ஏது?

திருப்பாலைக்குடிக் கரையில் ஒருவர், 'நாலு நாளா வலை காலி, நாளைக்கு மீன் படும்' என்றால் சிரிக்காதீர்கள். காற்று மாறலாம், நீரோட்டம் திரும்பலாம். கடலில் இன்றைக்கும் நாளைக்கும் தொடர்பு உண்டு. சுண்டுகிற காசில் கிடையாது. நாலு முறை பூ விழுந்தாலும் ஐந்தாவது தடவை தலை விழ வாய்ப்பு அதே பாதிதான்.

இந்த வித்தியாசம் புரியாமல்தான் 'அடுத்தது நமக்கே' என்று லாட்டரிச் சீட்டாக வாங்கித் தள்ளினார்கள். 2003-ல் தமிழக அரசு தடை போட்டது. கடை மூடியது, நப்பாசை மூடவில்லை. 000 முதல் 999 வரை 1000 எண்கள். உங்கள் எண்ணுக்கு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நேற்றுத் தோற்றதால் இன்று கூடிவிடாது.

2018-ல் வந்த மாநிலப் பாடநூல்களில் நிகழ்தகவுக்குத் தனிப்பாடம் ஒன்பதாவதில்தான். அதற்குள் பையன் கைக்கு செல்போனும் சூதாட்டமும் வந்துவிடுகின்றன. ஏழாவதிலேயே சொல்லிக்கொடுங்கள் ஐயா! அப்பாவுக்கு அவனே டியூஷன் எடுப்பான்.