தகுதியை மெய்ப்பிக்கும் சுமை ஏழைக்கு வேண்டாம்

அரசின் உதவி ஏழைகளுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஏழை யார் என்று கண்டறிய அரசிடம் என்ன வழி இருக்கிறது? சம்பளச் சீட்டே பார்த்திராத சித்தாளுக்கும் பூக்கட்டும் பெண்ணுக்கும் ஆண்டு வருமானம் இவ்வளவு என்று எந்த அலுவலரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பிழைகள் நேரலாம் என்கிறது பொதுநிதிப் பொருளியல். ஒன்று, வசதி படைத்தவர் உள்ளே வந்துவிடுவது. மற்றொன்று, தேவை உள்ளவர் விடுபட்டுப்போவது. முதலாவதில் அரசுக்குப் பணம் விரயம். இரண்டாவதில் ஒரு வீட்டில் உலை ஏறாது. நமது நிர்வாகமோ முதல் பிழைக்கு அஞ்சும் அளவுக்கு இரண்டாவதற்கு அஞ்சுவதில்லை.

1997-இல் மத்திய அரசு பொது விநியோகத் திட்டத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. இப்படிப் பிரித்த முறையில் ஏழைக்கு ஒரு ரூபாய் உதவி சென்றடைய அரசு ரூ.3.65 செலவிடுகிறது என்று 2005-இல் திட்டக்குழுவின் மதிப்பீடே ஒப்புக்கொண்டது. தமிழகம் அந்தப் பிரிவினையை ஏற்காமல் அனைவருக்குமான ரேஷனைக் காப்பாற்றியது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். எதுவும் வேண்டாம் என்றும் அட்டை வாங்கலாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் வருமானச் சான்று கேட்பதில்லை. கார் வைத்திருப்பவர் அந்த நெரிசலில் ஏறப்போவதும் இல்லை. தேவை உள்ளவர் தாமாகவே வந்து சேரும்படி திட்டத்தை அமைத்துவிட்டால், சல்லடை போட்டுச் சலிக்கும் வேலை அரசுக்கு மிச்சம்.

2023 செப்டம்பரில் தொடங்கிய, பெண்களுக்கு ரொக்கம் வழங்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் இந்தப் பாடம் பாதி மறக்கப்பட்டது. வந்த விண்ணப்பங்கள் 1.63 கோடி, அப்போது தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பன நிபந்தனைகளில் சில. வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் ஆண்டுக்கு ரூ.12,000 போய்விடும். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பங்கள் வாழும் வீட்டில், பக்கத்து அறையின் மின்விசிறியும் ஒரு பெண்ணின் தகுதியைப் பறித்துவிடலாம்.

அனைவருக்கும் கொடுக்க நிதி எங்கே என்ற கேள்வியைப் புறந்தள்ள முடியாது. அதற்கான விடை வரி வசூலில் இருக்கிறது. வசதி உள்ளவருக்குக் கொடுத்ததைச் சொத்து வரியிலும் சொகுசு வாகன வரியிலும் திரும்பப் பெறலாம். ஏழையின் வருமானத்தைத் துருவுவதைவிட, மாளிகையின் பரப்பளவை அளப்பது எளிது.

எனவே, உணவு, பேருந்து, பள்ளி, மருத்துவம் போன்ற சேவைகளில் தகுதிப் பட்டியல் நுழையவே கூடாது. ரொக்க உதவியில் வருமான வரி செலுத்துவோரையும் அரசு ஊதியம், ஓய்வூதியம் பெறுவோரையும் அரசின் ஆவணங்களைக் கொண்டே நீக்கலாம்; மற்ற எல்லோருக்கும் கேள்வியின்றி வழங்க வேண்டும். யாரையேனும் மறுப்பதென்றால், ஆதாரம் காட்டும் பொறுப்பு அரசினுடையது. விண்ணப்பத்தைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நிலைக்கு எந்தப் பெண்ணையும் தள்ளக் கூடாது.