பன்னீரை விட்டா வேற கதியில்லையா?

போன வாரம் அப்பாவுக்கு எழுபது. கும்பகோணத்திலிருந்து மைசூருக்கு வரவழைச்சு ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனோம். பொண்ணு இப்போ வீகன். பால், தயிர், நெய் எதுவும் ஆகாது. சைவ மெனு முழுக்க பன்னீர்! அவளுக்கு வந்தது வேகவெச்ச காய்கறி. பேத்தி தட்டையே பார்த்துட்டு அப்பாவும் சரியாச் சாப்பிடலை.

காகாசுர மாதப்பா அரண்மனையில் நெய்விட்டு மைசூர்பாகு கிண்டிய ஊர்தான், ஒத்துக்கறேன். ஆனா பட்டாபி ஜோயிஸின் யோகாவைத் தேடி வெளிநாட்டுக்காரங்க குவிஞ்ச கோகுலத்தில் சின்ன கஃபேயிலேயே வீகன் சாப்பாடு கிடைக்குதே! பெரிய ஹோட்டலுக்கு மட்டும் என்ன கஷ்டம்?

நம்ம இலையில் நெய்யையும் மோரையும் தள்ளினா, புளியோதரை, ரசம், வாழைக்காய் வறுவல், தேங்காய்ப்பால் பாயசம் எல்லாமே வீகன்தான். இதைச் சமைக்கத் தெரியாத இடத்தில் நாற்காலிக்கும் விளக்குக்கும்தான் காசு கொடுக்கறோம்.

அடுத்த விசேஷம் வீட்டில், இலை போட்டு. நீங்க என்ன சொல்றீங்க?