வேலையற்ற ஆராய்ச்சி

விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் நிறுவினோர் பெருமையையும் அதிபர்களின் தொண்டையும் போற்றி எழுதுதல் மரபு. அம்மரபுக்கு யான் மாறுபட்டவன் அல்லன். அதனைச் செவ்வனே செய்யவல்லார் இம்மலரிற் பலர் உளர். பரிசளிப்பு விழாவில் ஒருநாளும் பெயர் அழைக்கப்பெறாத ஒருவகை மாணவனைக் குறித்தே ஈண்டு எழுத விழைகின்றேன்.

எல்லா வகுப்பிலும் அவன் ஒருவன் இருப்பான். மணிக்கூட்டின் முதுகைத் திறந்து பார்ப்பவன். எரிந்துபோன மின்குமிழைக் காதருகே வைத்துக் குலுக்குபவன். காற்சட்டைப் பையில் இரண்டு ஆணி, ஒரு முழச் செப்புக் கம்பி, எங்கிருந்தோ கழற்றிய காந்தத் துண்டு ஆகியவற்றைச் செல்வமெனச் சுமப்பவன். பழுதான கைத்தொலைபேசி ஒன்று கிடைத்துவிட்டால் அன்று அவனுக்குப் பெருநாள். வீட்டிலும் பள்ளியிலும் அவனுக்கு நம்மவர் இட்ட பெயர் ஒன்றே: வேலையற்ற ஆராய்ச்சிக்காரன்.

அவன் கேட்கும் கேள்விகளையும் சற்று நோக்குவோம். கொழும்பில் உள்ள சிற்றன்னை வீட்டில் விரைவில் அவிகின்ற பருப்பு நுவரெலியாவில் ஏன் அவிய மறுக்கின்றது? சமையற்கட்டில் நின்று இதனைக் கேட்ட சிறுவனுக்கு, "விறகு ஈரம், போ" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. உண்மை விடை வேறு. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள அந்நகரில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆதலின் நீர் 100 பாகைக்குக் காத்திராது ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. கொதிக்கும் நீர்தான், ஆயினும் சூடு குறைந்த நீர். அடுப்பில் எத்துணை விறகு திணித்தாலும் மூடாத பானையில் அதன் சூடு அதற்குமேல் ஏறாது. பகலில் கேளாத தூரத்து வானொலி நிலையம் இரவில் தெளிவாய்க் கேட்பது ஏன் என்பது அவனது இன்னொரு வினா. ஞாயிற்றின் ஒளியால் வானத்தில் உண்டாகும் தாழ்ந்த படை ஒன்று பகலில் மத்திய அலைகளை விழுங்கிவிடுகின்றது. இரவில் அப்படை கலைந்துவிட, அலைகள் இன்னும் உயரத்தே உள்ள படையில் மோதித் திரும்பி நெடுந்தொலைவு சென்று விழுகின்றன. இவ்விரண்டையும் அறிந்தமையால் எச்சோதனையிலும் ஒரு புள்ளி கூடப் போவதில்லை என்பது மெய்யே. வேலையற்ற வினாக்கள்தாம். எனினும் நமது மலைநாட்டின் பொருள்வாழ்வு முழுவதும் இத்தகைய வேலையற்ற வினாக்களின்மேல் எழுந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் என்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் கோப்பியே அரசு செலுத்திற்று. தேயிலை அவருக்கு ஓர் ஆர்வம். அவரது பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலை. மேசைமேற் கொழுந்தைப் பரப்பிக் கையாலேயே உருட்டினர்; களிமண் அடுப்பிற் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் இட்டு உலர்த்தினர். 1872இல் கொழுந்து உருட்டும் பொறி ஒன்றையும் அவர் தாமே அமைத்தார். விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தை உருட்டிப் பார்க்கும் வேலையற்ற வெள்ளைக்காரர் என்று அயலவர் நகைத்திருக்கவும் கூடும். பின்னர்க் கோப்பியை நோய் கொண்டுபோயிற்று. விறாந்தை விளையாட்டே நாட்டைத் தாங்கிற்று.

இதனினும் எனக்கு உவப்பானது பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்களின் வரலாறு. 1874இல் காலியிற் பிறந்த இவர் பொது வேலைப் பகுதியிற் பணியாற்றியவர். கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் சார்ந்த காடுகளிற் பொன் கிடைக்குமோ என்று ஆராய்ந்து திரிந்த வேளையில் அவர் கண்ணிற் பட்டது பொன்னன்று, அருவி. லக்சபான அருவியையும் அபர்தீன் அருவியையும் கண்ட பிறர் அழகென்று கூறிச் சென்றிருப்பர். இவரோ அவற்றின் உயரத்தையும் நீரின் அளவையும் கணக்கிடத் தொடங்கினார். ஏவப்பட்ட வேலை ஒன்று, மனம் சென்ற வேலை வேறொன்று! நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலிற் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்துக் காட்டிய பின், 1918இல் இலங்கைப் பொறியியற் கழகத்தின் முன் தம் முழுத் திட்டத்தையும் கட்டுரையாகப் படித்தார். ஆட்சியாளர் அதனை முழுமனத்தோடு ஏற்றாரல்லர். வேலை தொடங்குவதும் நிற்பதுமாகக் காலம் கழிந்தது. 1931இல் அரசாங்க சபைக்கே உறுப்பினராகி அங்கும் அவர் இதனையே பேசினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். மூன்றாண்டு கழித்து அவர் மறைந்தார்.

இனி, என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகின்றேன். காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் அணைகள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரமே நீருள் ஆழ்ந்தது. இன்றும் வரட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில்களின் எச்சம் வெளிப்படுகின்றது. நம் மலையிற் பிறந்த மின்சாரம் நம் லயங்களின் கூரைக்கு மேலாகக் கம்பி வழியே கொழும்புக்குச் சென்றது. அக்கூரைகளின் கீழே குப்பி விளக்குத்தான் எரிந்தது. எத்தனையோ லயக் காம்பராக்களுக்கு ஒளி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1996இல் உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டியை எங்கள் லயத்தார் கண்டது லொறி பற்றரியொன்றில் இயங்கிய தொலைக்காட்சியில். அதனை இயக்கியவர் தொழிற்சாலையில் வேலை பார்த்த அயல்வீட்டு மாமா ஒருவர். பற்றரியைத் தோளிற் சுமந்து நகரத்துக்குச் சென்று மின்னேற்றி வருவார். மூங்கிற் கழியில் அலுமினியத் தட்டுகளைக் கட்டி அலைவாங்கி செய்வார். இஸ்டோரில் உலர்த்தும் பொறியின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்வார். எட்டாம் வகுப்பைக் கண்டவரல்லர். அவர் பெற்ற பட்டமும் 'வேலையற்றவர்' என்பதே.

டெய்லருக்கும் அம்மாமாவுக்கும் அறிவில் எத்துணை வேறுபாடு என்று யான் அளந்து கூற வல்லேன் அல்லேன். ஒருவருக்கு விறாந்தையும் மேசையும் பொழுதும் இருந்தன. தவறினால் ஏசுவாரும் இலர். மற்றவருக்குப் பத்தடிக் காம்பராவும் பிரட்டுக்குப் பிந்தினால் அரைநாட் கூலியும். ஆர்வம் என்பது செல்வர்க்கு இயல்பென்றும் ஏழைக்குக் குறும்பென்றும் நாமே பிரித்துவைத்துள்ளோம். தோட்டத்துப் பிள்ளை கேள்வி கேட்டால் அதனை அடங்காமை என்று கொள்ளும் பழக்கம் துரைமார் காலத்தோடு ஒழிந்திருக்க வேண்டும். அது நம் வகுப்பறைகளில் இன்னும் இருக்கின்றது.

உடனாசிரியர் சிலர் இதற்குக் கூறும் மறுப்பை யான் அறிவேன். "பிள்ளைகள் இரவும் பகலும் கைத்தொலைபேசியில் மூழ்கிக் கிடக்க, நீர் ஆர்வத்தை வளர்க்கச் சொல்கின்றீரோ?" என்பர். புதிய கருவி வேண்டுமென்று தாயின் சம்பளத்தை எதிர்நோக்கும் பிள்ளையையும், பழைய கருவியின் உள்ளே இருப்பது யாதென்று அறிய ஏங்கும் பிள்ளையையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது இம்மறுப்பு. முன்னவன் வாடிக்கையாளன். அவனுக்காக யான் வாதாடவில்லை. 2013 முதல் உயர்தரத்திற் தொழில்நுட்பப் பிரிவு உளதே என்பாரும் உளர். நல்லதே, ஆயினும் அது சோதனைக்கு உரியது. பாடவிதானத்தில் இல்லாத வினாவுக்கு அங்கும் இடமில்லை.

சிவனொளிபாதமலையை நினைவூட்டும் ஒரு மலையுச்சியிலிருந்து விண்ணுக்கு ஏணி கட்டுவதாக ஆதர் சி. கிளாக் 1979இல் ஒரு நாவலே எழுதினார். கணக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காக இத்தீவையே தெற்கே இழுத்து நிலநடுக் கோட்டில் வைத்தார்! அம்மலையை நாடோறும் கண்டு கொழுந்து கொய்வோரின் பிள்ளைகளுக்கும் அத்தகைய கற்பனைக்கு உரிமை உண்டன்றோ?

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சிற்றலை வானொலி கேட்ட முந்திய தலைமுறை இளைஞர் பலர், கேட்ட நாளும் நேரமும் அலைவரிசையும் ஒலித் தெளிவும் குறித்துத் தூரத்து நிலையங்களின் தமிழ்ப் பிரிவுகளுக்கு ஓயாது கடிதம் எழுதினர். சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பியது. கண்டதைக் கண்டவாறு சுருக்கமாக எழுதும் உரைநடையை அவர்க்குக் கற்பித்தது என் போன்றாரின் கட்டுரை வகுப்பன்று, அக்கடிதங்களே.

ஆகவே பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். விழா நினைவாக வளைவும் வாயிலும் கட்டுவது பற்றிப் பேச்சு நடைபெறுவதாகக் கேள்வி. அதற்கு முன் ஓர் அறை தாருங்கள். நீண்ட மேசை ஒன்று, பற்றாசு வைக்கும் கோல் நான்கு, திருகாணிச் சாவிகள், அனல் பட்டால் அணைக்க ஒரு வாளி மணல் ஆகியன போதும். உங்கள் வீட்டு மூலையிற் கிடக்கும் பழுதான வானொலி, மின்விசிறி, தையற் பொறி, கணினி யாவற்றையும் அனுப்புங்கள். பழுதாகாதவற்றை அனுப்ப வேண்டா. பாடசாலை விட்டபின் இரண்டு மணிநேரம் அறை திறந்திருக்கட்டும். வரவுப் பதிவும் புள்ளியும் வேண்டா. கழற்றியதை மீளப் பூட்ட இயலாதவனைத் தண்டிப்பதும் கூடாது. வாயிலில் ஓர் அப்பியாசக் கொப்பி இருக்கும். அன்று என்ன திறந்தான், உள்ளே என்ன கண்டான், எது விளங்கவில்லை என்பவற்றைத் தமிழிற் பத்து வரி எழுதிய பின்பே வீடு செல்லலாம். அக்கொப்பியைத் திருத்தும் பொறுப்பை யான் ஏற்கின்றேன். எழுத்துப் பிழையை மட்டும்.